வேலை பழக ஒரு செமஸ்டர்

வளாக நேர்காணலுக்கு வரும் இறுதியாண்டு மாணவர் பெரும்பாலும் தடித்த ஒரு ஃபைலோடு வருகிறார். மதிப்பெண் பட்டியல்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறைகளில் சான்றிதழ்கள் வரிசையாக இருக்கும். ஐந்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங், ஒரு வார இன்டர்ன்ஷிப், இரண்டு நாள் ஒர்க்‌ஷாப், ஒருநாள் இண்டஸ்ட்ரியல் விசிட். எதிரே இருப்பவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார். "அங்கே போய் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்கிறார். அதுவரை தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்த மாணவர்களில் பலர் இந்தக் கேள்வியில்தான் தடுமாறிப் போகிறார்கள்.

குறையை மாணவர் தலையில் கட்டிவிட முடியாது. பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப் கேட்கிறது, கல்லூரி சான்றிதழ் கேட்கிறது. ஆனால் போய் வர நாள் கொடுப்பவர் யாருமில்லை. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் தேர்வு எழுத முடியாது. ஒரு செமஸ்டர் தேர்வு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைப்பது சில வாரங்கள்தான். அதற்குள் எந்த நிறுவனத்தின் கதவைத் தட்டுவது, யாரிடம் கேட்பது என்று சொல்லித்தரவும் ஆளில்லை.

இந்த இடைவெளியில் ஒரு சந்தையே முளைத்துவிட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் தரும் நிலையங்கள் எல்லா நகரங்களிலும் இருக்கின்றன. ஒரு ஹாலில் மாணவர்களைக் கூட்டமாக உட்காரவைத்து, ப்ரொஜெக்டரில் படம் காட்டி, கடைசி நாளில் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டையும் செய்து கொடுத்துவிடும் 'ப்ராஜெக்ட் சென்டர்'களுக்கும் குறைவில்லை. வேலை பழகப் போகும் பிள்ளைக்கு நாலு காசு கிடைக்க வேண்டும். இங்கே பிள்ளையின் பெற்றோர் காசு கட்டுகிறார்கள். அந்தக் காசுக்குக் கிடைப்பது, நேர்காணலில் ஒரு கேள்வியைக்கூடத் தாங்காத காகிதம்.

கல்லூரிக் காலத்திலேயே தொழில் அனுபவம் வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு வேண்டிய நேரத்தையும் கூலியையும் வழிகாட்டும் ஆளையும் யார் தருவது என்பதில்தான் எல்லாம் நின்றுபோயிருக்கிறது. இந்த மூன்றையும் கல்லூரியும் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து தராதவரை, அனுபவம் என்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண்ணாகவே இருக்கும்.

சில படிப்புகள் இதை எப்போதோ தீர்த்துவிட்டன. எம்.பி.பி.எஸ். தேர்வுகளில் தேறினால் மட்டும் ஒருவர் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. ஓராண்டு பயிற்சி மருத்துவராகத் துறை துறையாகச் சுற்றி வேலை பார்த்தாக வேண்டும். சட்டப் படிப்பில் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள், மூன்றாண்டு மாணவருக்குக் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டு மாணவருக்குக் குறைந்தது 20 வாரமும் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் ஆக விரும்புகிறவர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தாக வேண்டும். மூன்றாண்டாக இருந்த அந்தக் காலம் 2023இல் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது, ஆனால் கைவிடப்படவில்லை. பி.எட். மாணவர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பெடுக்காமல் பட்டம் வாங்க முடியாது. 1952இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்ற இடங்களில் களப்பணி, வகுப்புக்கு இணையான பாடமாகவே நடக்கிறது. மருத்துவமனை, காப்பகம், குடிசைப்பகுதி என்று மாணவர்கள் வாரந்தோறும் போய்வருகிறார்கள்.

எல்லாவற்றிலும் கண்ணுக்கு நேராகத் தெரிவது வேளாண் கல்லூரி மாணவர்களின் பயிற்சிதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவர்கள் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் கீழ் ஒரு வட்டாரத்துக்குப் போய்த் தங்குகிறார்கள். முதல் சில நாள்களில் ஊர்ப் பொது இடத்தில் தரையிலேயே கோலப்பொடியால் அந்தக் கிராமத்தின் வரைபடத்தைப் போடுகிறார்கள். ஏரி எங்கே, கோயில் எங்கே, எந்தப் பக்கம் நஞ்சை, எந்தக் கிணறு வற்றிப்போனது என்று சுற்றி நிற்கும் ஊர்க்காரர்கள் சொல்லச் சொல்லக் கோடுகள் மாறிக்கொண்டே வரும். பாடப்புத்தகத்தில் 'பங்கேற்பு ஊரக மதிப்பீடு' என்று படித்தது இதுதான்.

பிறகு தோப்புக்குள் இறங்குகிறார்கள். தென்னைக்கு வேர் மூலம் டானிக் கட்டுவதைச் செய்துகாட்ட வேண்டும். மண்ணைப் பறித்து, பென்சில் பருமனில் உயிரோட்டமான ஒரு வேரைத் தேடி எடுத்து, நுனியைச் சாய்வாக வெட்டி, 200 மில்லி கரைசல் உள்ள பாலித்தீன் பைக்குள் அது முங்கும்படி நுழைத்துக் கட்ட வேண்டும். வகுப்பில் இது ஒரு பத்தி. தோப்பில் நல்ல வேரைக் கண்டுபிடிப்பதற்கே நேரம் பிடிக்கும். பை சரியாகக் கட்டப்படாவிட்டால் கரைசல் மண்ணுக்குப் போய்விடும். பக்கத்தில் நிற்கும் விவசாயி, "இதுக்கு ஆகிற செலவுக்குக் காய் கூடுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லப் பழகிய மாணவிக்கு எந்த நேர்காணலிலும் பேச்சு நிற்காது.

இந்தப் படிப்புகளுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது. அனுபவம் விடுமுறையில் செய்யும் கூடுதல் வேலையாக இல்லாமல், பட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. அதற்கென்று நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். மேற்பார்வைக்கு ஆள் இருக்கிறார். முடிக்காவிட்டால் பட்டம் இல்லை. தமிழ்நாட்டில் மிக அதிகமான மாணவர்கள் படிக்கும் பொறியியல், கலை அறிவியல் படிப்புகளில் இந்த மூன்றும் ஒருசேர அமைந்த இடங்கள் அரிது.

பொறியியலுக்கு இது புது யோசனை இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906இல் 27 மாணவர்களோடு ஒரு முறையைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, மறுவாரம் தொழிற்சாலை. ஒரு பாதி மாணவர் கரும்பலகை முன்னால் இருக்கும்போது மறுபாதி மாணவர் லேத் முன்னால் நிற்பார், அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். தொழிற்சாலை கூலியும் கொடுத்தது. 'கோ-ஆப்' என்று உலகமெங்கும் இன்று அழைக்கப்படும் முறைக்கு அதுவே தொடக்கம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் பிறந்தபோதே இந்த முறையோடு பிறந்தது. நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் ஊதியத்தோடு வேலை என்ற சுழற்சியில் இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 1974இல் தொடங்கிய இரட்டைக் கல்வி முறையில், மாணவரைத் தேர்ந்தெடுப்பதே நிறுவனம்தான். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வகுப்பும் வேலையும் மாறி மாறி வரும். மூன்றாண்டும் நிறுவனம் சம்பளம் கொடுக்கும்.

இந்தியாவிலும் முன்னுதாரணத்துக்குப் பஞ்சமில்லை. பிலானியின் பிட்ஸ் நிறுவனம் 1973இல் 'ப்ராக்டிஸ் ஸ்கூல்' திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டாமாண்டு முடிந்த கோடையில் இரண்டு மாதம், இறுதியாண்டில் ஐந்தரை மாதம் மாணவர் ஒரு நிறுவனத்தில் இருப்பார். இந்தத் திட்டத்தின் உயிர்நாடி, ஆசிரியரும் கூடவே இருப்பது. பேராசிரியர்கள் இந்தப் பயிற்சிக்கென்றே நியமிக்கப்பட்டு, மாணவர் என்ன செய்கிறார், என்ன கற்கிறார் என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் வளாகத்திலேயே மோட்டாரும் பம்பும் செய்யும் தொழிற்கூடம் இயங்குகிறது. 'சாண்ட்விச்' என்ற பெயரில் அங்கே நடக்கும் ஐந்தாண்டு பி.இ. படிப்பில் மாணவர்கள் வகுப்புக்கும் தொழிற்கூடத்துக்குமாக மாறி மாறிப் போகிறார்கள். மற்றவர்களைவிட ஓராண்டு அதிகம் படித்தாலும், வார்ப்பு எப்படி ஊற்றப்படுகிறது, எந்தப் பாகம் ஏன் ரிஜெக்ட் ஆகிறது என்று கையால் தெரிந்துகொண்டு வெளியே வருகிறார்கள். பம்பும் வார்ப்படமும் பஞ்சாலையும் சூழ்ந்த ஊரில் ஒரு கல்லூரி அப்படி வளர்ந்தது இயற்கை. ஆனால் பின்னலாடைக்குத் திருப்பூர், லாரி பாடி கட்டுவதற்கு நாமக்கல், தோலுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, அச்சுக்குச் சிவகாசி, கார் தொழிலுக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு தொழில் இருக்கிறது. அந்த ஊர்களைச் சுற்றியிருக்கும் எத்தனை கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் அந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் பதில் வருத்தம் தருவதாகவே இருக்கும்.

அடுத்தது பணம். பொதுவாக இந்தப் பேச்சில் கூச்சத்தோடு ஒதுக்கப்படும் விஷயம் இது.

2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய எண். அந்த எண்ணுக்குப் பின்னால் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளமாக இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை கிடைக்கிறது. அந்த ஆயிரம் ரூபாய் புத்தகத்துக்கும் போக்குவரத்துக்கும் போய்விடும். அப்படிப்பட்ட ஒருவரிடம், "சென்னையில் இரண்டு மாதம் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் இருக்கிறது, போய் வா" என்றால் அவர் எங்கே தங்குவார், எதைச் சாப்பிடுவார்? சென்னையில் சொந்த வீடோ உறவினர் வீடோ உள்ளவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார். அவரைவிட நன்றாகப் படிக்கும் திருவாரூர் மாணவி ஊரிலேயே இருந்துவிடுவார். இரண்டாண்டு கழித்து இருவரும் ஒரே நேர்காணலுக்குப் போகும்போது, திருவாரூர் மாணவிக்கு அனுபவம் போதாது என்று சென்னைக்குப் போனவருக்கு வேலை கொடுப்பார்கள்.

சம்பளமில்லாத பயிற்சியால் அதற்குப் போகிறவருக்கும் பெரிய பயன் இல்லை. அமெரிக்காவில் கல்லூரிகளும் வேலை அளிப்போரும் சேர்ந்த நேஸ் என்ற தேசியச் சங்கம் 2013இல் பட்டம் பெற்றவர்களிடம் எடுத்த கணக்கில், ஊதியத்தோடு இன்டர்ன்ஷிப் செய்தவர்களில் 63.1 விழுக்காட்டினர் ஒரு வேலை வாய்ப்பாவது பெற்றிருந்தனர். ஊதியமில்லாமல் செய்தவர்களில் அது 37 விழுக்காடு. இன்டர்ன்ஷிப்பே செய்யாதவர்களில் 35.2 விழுக்காடு. சும்மா உழைத்தவருக்கும் எதுவும் செய்யாதவருக்கும் வித்தியாசம் இரண்டு விழுக்காடுகூட இல்லை. காரணம் புரியாததல்ல. சம்பளம் கொடுக்கும் நிறுவனம் அந்தச் சம்பளத்துக்கு உருப்படியான வேலை வாங்கப் பார்க்கும், வேலை வாங்க வேண்டுமானால் கற்றுத்தர வேண்டும். செலவே இல்லாமல் வந்து நிற்பவரை ஃபோட்டோகாப்பி எடுக்கவும் டேட்டா ஏற்றவும் உட்காரவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பிரான்ஸில் இரண்டு மாதத்துக்கு மேல் போகும் எந்தப் பயிற்சிக்கும் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

வேறொரு பக்கமும் பார்க்க வேண்டும். ஏழை மாணவர்களுக்கு வேலை அனுபவமே இல்லை என்று நினைப்பது தவறு. அவர்களில் பலர் முதலாமாண்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபத்தில் பரிமாறும் கேட்டரிங் வேலை, ஜவுளிக்கடையில் பில் போடுவது, மெடிக்கல் ஷாப், மொபைல் கடை, மாலையில் டியூஷன், இரவில் உணவு டெலிவரி. அரசுக் கலைக் கல்லூரிகளில் இரண்டாம் ஷிப்டில் படிக்கும் பலருக்குக் காலைப் பொழுது வேலைப் பொழுது. ஆனால் இந்த உழைப்பு எந்தச் சான்றிதழிலும் ஏறுவதில்லை. வகுப்பில் தூங்கிவழிகிறான் என்ற திட்டு மட்டும் கிடைக்கிறது.

ஒரு பி.காம். மாணவி ஊரிலுள்ள ஆடிட்டர் அலுவலகத்தில் பாதிநாள் வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வவுச்சர்களை டேலியில் ஏற்றுவார். வங்கி ஸ்டேட்மென்ட்டையும் கணக்கையும் வைத்து ஒத்துப்பார்ப்பார். எங்கோ இடிக்கும். வியாபாரி கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை என்று அரைநாள் தேடிக் கண்டுபிடிப்பார். மாதாந்திரம் ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்கும் கடைகளுக்கு 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி போக வேண்டும். அந்த வாரங்களில் அலுவலகத்தில் யாரும் தலை நிமிரமாட்டார்கள். வகுப்பில் 'பேங்க் ரீகன்சிலியேஷன்' என்று படித்த கணக்குக்கு ஏன் ஒரு பாடமே தேவைப்படுகிறது என்பது அவருக்கு அங்கேதான் விளங்கும். அவருடைய கல்லூரி செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வேலையை ஓர் ஆசிரியர் வந்து பார்த்து, ஆடிட்டரிடம் பேசி, மாணவியிடம் ஓர் அறிக்கை வாங்கி, அதற்குக் கிரெடிட் போட்டால் போதும். ஜவுளிக்கடை பையனுக்கும் அப்படியே. அவன் தினமும் பார்க்கும் சரக்கிருப்பையும் தீபாவளி விற்பனையையும் வைத்தே ஒரு நல்ல ப்ராஜெக்ட் செய்ய முடியும். காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்டைவிட அது பல மடங்கு உண்மையானதாக இருக்கும்.

விதிகள் இதற்குத் தடையாக இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு பட்டப்படிப்பில் இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட் கொடுக்கலாம் என்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்ற கணக்கில் 60 முதல் 120 மணி நேரம். தொழிற்பழகுநர் பயிற்சியைப் பட்டத்துக்குள்ளேயே சேர்த்து நடத்தும் படிப்புகளுக்கும் அந்தக் குழு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அதில் குறைந்தது ஒரு செமஸ்டர் முழுக்க மாணவர் நிறுவனத்தில் இருப்பார், உதவித்தொகையும் உண்டு.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் ஐ.டி.ஐ. மாணவருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1973இல் திருத்தப்பட்டுப் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் அதற்குள் வந்தார்கள். பின்னர் கலை அறிவியல் பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனமும் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 2019 விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று குறைந்தபட்சத் தொகையை வைத்தன. அதில் பாதியை மத்திய அரசு திருப்பிக் கொடுத்துவிடும். தென்மாநிலங்களுக்கு இதை நடத்தும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இந்த வாரியத்தின் வழியே பி.ஏ., பி.காம். படித்தவர்களைக்கூடப் பழகுநர்களாக எடுக்கின்றன. இப்படியொரு வழி இருப்பது கலைக் கல்லூரி இறுதியாண்டு வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரதமர் பெயரிலான இன்டர்ன்ஷிப் திட்டம் 2024இல் தொடங்கியது. நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களில் ஐந்தாண்டில் ஒரு கோடி இளைஞருக்குப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய் என்று பெரிய இலக்கோடு வந்தது. ஆனால் 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும், முழுநேரம் படிப்பவர்களுக்கு இடமில்லை என்று அப்போது விதி வகுத்தார்கள். படிப்பு முடிந்து வேலையில்லாமல் இருப்பவருக்கு அது உதவலாம். படிக்கும்போதே பழக நினைப்பவருக்கு அந்த விதி உதவவில்லை. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இந்த இடத்தில் முன்னே நிற்கிறது. திறன் பயிற்சியைக் கல்லூரிப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. அதன் நிரல் திருவிழாவில் தொழில் துறையும் அரசுத் துறைகளும் சொல்லும் உண்மையான சிக்கல்களை இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட்டாக எடுத்துச் செய்கிறார்கள். அந்த முயற்சி இன்னும் ஓரடி எடுத்துவைக்க வேண்டும். திரையில் முடியும் பயிற்சியிலிருந்து, வேலையிடத்தில் நடக்கும் பயிற்சிக்கு.

தமிழோ வரலாறோ படிக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு விகடன் நல்ல பதில். 1980களிலிருந்து விகடன் நடத்திய மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தில், கல்லூரியில் படித்துக்கொண்டே தன் மாவட்டச் செய்தியை எழுதி அனுப்ப மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தாவரவியல் படித்தவரும் தமிழ் படித்தவரும் பேருந்து ஏறிப் போய் ஆட்களைப் பார்த்து, கேட்டு, எழுதி, திருத்தம் வாங்கி, மறுபடி எழுதினார்கள். எழுதியது பெயரோடு அச்சில் வந்தது. தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்குள் வர அது பலருக்கு முதல் வாசல். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் பட்டியலிடுவது, அகழாய்வுக் குழியில் பானை ஓடுகளை அடுக்குவாரியாகப் பிரித்துப் பதிவது, மாவட்ட மைய நூலகத்தில் குழந்தைகளுக்கு வாசிப்பு வட்டம் நடத்துவது என்று கலைப் பாட மாணவருக்குரிய வேலைகள் நிறையவே இருக்கின்றன. நாள் ஒதுக்கி அனுப்பிவைப்பார் யாருமில்லை, அவ்வளவுதான்.

கல்லூரி அறிவுக்கான இடம், கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடம் ஆகிவிடக் கூடாது என்று மூத்த பேராசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை ஒதுக்கிவிடக் கூடாது. மாணவரை மலிவான ஆளாகப் பார்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பயிற்சி என்ற பெயரில் ஷிப்ட் முழுக்க ஒரே எந்திரத்தின் முன்னால் நிறுத்தி வைத்தால் அது கல்வி ஆகாது. ஆனால் மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன் ஆண்டு இருப்பதால் உடற்கூறியல் தரம் தாழ்ந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அங்கே வார்டு பாடத்தை நிறைவு செய்கிறது. வேலையிடத்தைப் பார்த்துவிட்டு வந்த மாணவர் வகுப்பில் கேட்கும் கேள்வியின் தரம் கூடுவதை ஆசிரியர்களே சொல்வார்கள். காவலுக்கு ஆசிரியர் கூட இருந்தால், சுரண்டலுக்கும் பயிற்சிக்கும் உள்ள கோடு அழியாது.

ஏற்பாடெல்லாம் வரும்வரை மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பெரிய பெயருள்ள நிறுவனத்தில் ஒரு வாரம் வேடிக்கை பார்ப்பதைவிட, சொந்த ஊரில் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையிலோ அலுவலகத்திலோ இரண்டு மாதம் இருப்பது மேல். சிறிய இடத்தில் எல்லா வேலையும் கைக்கு வரும், முதலாளியே கற்றுத்தருவார். சேருமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். தினமும் என்ன வேலை, யார் சொல்லித்தருவார், எவ்வளவு கொடுப்பீர்கள்? பணம் கட்டச் சொன்னால் திரும்பி வந்துவிட வேண்டும். போன நாளெல்லாம் அன்று என்ன செய்தோம், எது தப்பாகப் போனது, எப்படிச் சரிசெய்தோம் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவைத்தால், நேர்காணலில் அந்த நோட்டுதான் பேசும். கணினி படிப்பவர்களுக்கு அந்த நோட்டின் இடத்தில் கிட்ஹப் பக்கம் இருக்கிறது. அங்கே தாமே எழுதிய ஐம்பது வரி, பணம் கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்டைவிட மதிப்புள்ளது.

ஆனால் பெரும்பங்கு வேலை கல்லூரிகளுடையதும் அரசினுடையதும்தான். ஐந்தாவது அல்லது ஆறாவது செமஸ்டரில் ஒன்றை முழுமையாக வேலையிடத்துக்கு ஒதுக்க வேண்டும், அந்த நாள்கள் வருகைப் பதிவாகவே கணக்கில் வர வேண்டும். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று பொறுப்பு கொடுத்து, அவர் வேலையிடத்துக்குப் போய்வரும் நேரத்தை வகுப்பு நேரமாகவே கணக்கிட வேண்டும். கட்டணம் வாங்கும் இடத்திலிருந்து வரும் சான்றிதழுக்குக் கிரெடிட் இல்லை என்று பல்கலைக்கழகங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அந்தச் சந்தை ஒரே ஆண்டில் பாதியாகிவிடும். வெளியூரில் பயிற்சிக்குப் போகும் மாணவிகளுக்கு அரசின் தோழி விடுதிகளில் அந்த மாதங்களுக்கு மட்டும் சலுகைக் கட்டணத்தில் இடம் தரலாம். பயிற்சிக் காலத்தில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் தொகையை உயர்த்தித் தருவதும் முடியாத காரியமில்லை.

இடம் எங்கே என்ற கேள்விக்கு மாவட்டத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. எந்த ஊரில் எந்தத் தொழிற்கூடம், எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்ற பட்டியல் மாவட்டத் தொழில் மையங்களிடம் இருக்கிறது. எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் என்ன படிக்கிறார்கள் என்பது கல்லூரிக் கல்வி இயக்ககத்திடமும் பல்கலைக்கழகங்களிடமும் இருக்கிறது. நகராட்சி, கூட்டுறவுச் சங்கம், அரசு மருத்துவமனை, நூலகம் என்று அரசின் சொந்த அலுவலகங்களே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இரண்டு பட்டியலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் முதல் கூட்டத்தை மாவட்ட ஆட்சியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே கூட்டலாம். அதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. அந்தக் கூட்டத்துக்குக் கல்லூரி முதல்வர்களோடு ஆடிட்டர்களையும் பட்டறை முதலாளிகளையும் அழைக்க வேண்டும். இப்போது வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்கள் சிலரையும் அழைத்தால், எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு அவர்களால் வர முடியும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.